நின்றால் உறையும் எண்ணெய்

ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் மே மாத நண்பகல் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அந்தத் தார்ப் பாலைவன மண்ணுக்கு அடியில் புறப்பட்டு, குஜராத் கடற்கரை வரை ஏறத்தாழ 670 கிலோமீட்டர் செல்லும் ஓர் எண்ணெய்க் குழாயை ஆண்டு முழுவதும், இரவும் பகலும் சூடேற்றிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே ஓடும் கச்சா எண்ணெயின் வெப்பம் 65 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. தொடர்ச்சியாகச் சூடேற்றப்பட்டு வெப்பக்காப்பும் போர்த்தப்பட்ட குழாய்களில் உலகிலேயே மிக நீளமானது இது என்று சொல்லப்படுகிறது.

பாலைவனத்தில் எதற்காகச் சூடேற்ற வேண்டும்? காரணம், இந்தக் குழாய் புறப்படும் மங்களா வயல் தரும் எண்ணெயிலேயே இருக்கிறது. 2004 ஜனவரியில் கெய்ர்ன் நிறுவனம் கண்டுபிடித்த இந்த வயலின் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெழுகு. 40 முதல் 45 டிகிரிக்குள்ளாகவே அது பாய்வதை நிறுத்திவிடும். நமக்குக் காய்ச்சல் கண்டால் உடம்பு எட்டும் சூட்டிலும் மங்களா எண்ணெய் கட்டியாகத்தான் இருக்கும். பாலைவனத்தின் பகல் வெயிலோ ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கூட முழுதாக எட்டுவதில்லை. குழாயைச் சுற்றியுள்ள மண்ணைப் பொறுத்தவரை 65 டிகிரி எண்ணெய் என்பது ஆறவைக்க வேண்டிய ஒரு பண்டம், அவ்வளவுதான்.

எண்ணெய், எரிவாயுக் குழாய்களில் நேரும் அடைப்புகளைப் பற்றி எழுத வரும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் குழாய்தான். நிலத்துக்கு அடியில் எண்ணெய் கிடைத்துவிட்டது என்றால் பாதி வேலை முடிந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல வயல்களில் உண்மையான போராட்டம் அதற்குப் பிறகு, வெப்பத்தோடும் நேரத்தோடும் நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரை குழாய் பிழைத்துக்கொள்ளும். நின்றால், அல்லது ஓட்டம் தளர்ந்தால், உள்ளே இருப்பது தன் இயல்பைக் காட்டத் தொடங்கும்.

மெழுகு என்றதும் வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்று எண்ண வேண்டாம். கச்சா எண்ணெய் என்பது பல நூறு வகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் நீண்ட நேர்ச்சங்கிலிகளாக உள்ளவை பாரஃபின்கள். மெழுகுவர்த்தியில் இருப்பதும் அதே குடும்பம். பூமிக்கு அடியில், வயலின் இயற்கையான சூட்டில், இவை எண்ணெயில் முழுவதுமாகக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். வெளியே வந்து ஆறும்போது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் முதல் படிகம் தோன்றும். அதை மெழுகு தோன்றும் வெப்பநிலை என்பார்கள். இன்னும் ஆறினால் படிகங்கள் பெருகி ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். பாத்திரத்தைச் சாய்த்தாலும் எண்ணெய் அசையாத நிலை வரும். அசைவு இருக்கும் அந்தக் கடைசி வெப்பநிலையை ஊற்றுநிலை எனலாம். குழாய்ப் பொறியாளர் ஒருவர் புதிய எண்ணெயைப் பற்றி முதலில் கேட்பது இந்த இரண்டு எண்களைத்தான்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்து இளக்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் கச்சா எண்ணெய் உறைவது அதிலிருந்து சற்று வேறுபட்டது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி கெட்டியாகிறது. கச்சா எண்ணெயில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு மெழுகு படிகமானாலே போதும், மீதி முழுவதும் அதன் வலைக்குள் சிக்கிக் கூழாகிவிடும். நோன்புக் காலத்தில் கடற்பாசி காய்ச்சும் வீடுகளில் இதைப் பார்த்திருப்பார்கள். ஒரு கைப்பிடிப் பாசி ஒரு பாத்திரம் பாலையும் கத்தியால் வெட்டி எடுக்கும் துண்டுகளாக்கிவிடும். பால் எங்கும் போகவில்லை. அசைய முடியாமல் பிடிபட்டிருக்கிறது. மெழுகு எண்ணெயின் கூழும் அப்படித்தான்.

இதில் இரண்டு வேறு வேறு தொல்லைகள் இருக்கின்றன. செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுவதால் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும் படிவு. குழாயின் சுவர் மண்ணையோ கடல்நீரையோ தொட்டுக்கொண்டிருப்பதால் உள்ளே ஓடும் எண்ணெயைவிடக் குளிர்ந்திருக்கும். சுவருக்கு அருகில் மெழுகு படிகமாகி வெளியேறிவிட, அங்கே கரைந்த மெழுகின் அளவு குறைகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய நடுவிலிருந்து மெழுகு மூலக்கூறுகள் சுவரை நோக்கி நகர்கின்றன. அடுக்கு வளர்கிறது. தொடக்கத்தில் இந்த அடுக்கு மிக மென்மையானது. அதற்குள் பெரும்பகுதி சிக்கிய எண்ணெய்தான். நாள் செல்லச் செல்ல மெழுகு உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், எண்ணெய் வெளியேறும், படிவு இறுகும். முதல் வாரத்தில் விரலால் வழித்துவிடக்கூடியதாக இருந்தது, சில மாதங்களில் சுரண்டி எடுக்க வேண்டியதாகிவிடும். ஆகவேதான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற முடிவு இந்தத் தொழிலில் மிக விலை உயர்ந்த முடிவு.

படிவின் விளைவைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். வேகமாக ஓடும் குழாயில், அதே அளவு எண்ணெயைத் தள்ள வேண்டிய அழுத்தம், விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் மாறும். படிவால் உள்விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், தள்ளுவதற்கான அழுத்தம் எழுபது சதவீதத்துக்கு அருகில் கூடிவிடும். பம்பு அதைத் தர முடியாவிட்டால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் எண்ணெய் குழாய்க்குள் அதிக நேரம் தங்கும். தங்கினால் மேலும் ஆறும். ஆறினால் மேலும் படியும். நான் இந்தக் கட்டுரையில் வலியுறுத்த நினைப்பது இந்தச் சுழலைத்தான்.

இரண்டாவது தொல்லை, குழாய் நின்றபோது நேர்வது. மின்தடை, பம்பு பழுது, கசிவு, புயல் எச்சரிக்கை என்று எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டம் நிற்கலாம். நின்ற எண்ணெய் ஊற்றுநிலைக்குக் கீழே ஆறிவிட்டால் குழாய் முழுவதும் ஒரே நீண்ட கூழ்த் தண்டாக மாறும். மறுபடி ஓட வைக்க, அந்தத் தண்டைச் சுவரிலிருந்து பெயர்த்து நகர்த்தும் அளவு அழுத்தம் வேண்டும். 30 சென்டிமீட்டர் விட்டமும் 10 கிலோமீட்டர் நீளமும் கொண்ட ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். கூழின் பிடிப்பு சதுர மீட்டருக்கு 50 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்பில் ஐந்து கிலோ எடை தரும் விசை மட்டும்தான் என்றாலும், முழு நீளத்தையும் அசைக்க ஏறத்தாழ 67 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல முப்பது மடங்கு. நீளம் 100 கிலோமீட்டர் என்றால் இதே கணக்கு 670 பார் என்று வரும். அந்த அழுத்தத்தை நிலத்தில் பதித்த எந்தச் சாதாரணக் குழாயும் தாங்காது. நடைமுறையில் கூழ் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து நகரும், ஆறும்போது சுருங்கி இடைவெளியும் விடும் என்பதால் உண்மை நிலை இத்தனை மோசமாக இருப்பதில்லை. ஆனாலும் அந்த நம்பிக்கையில் யாரும் குழாயை நிறுத்தி வைக்க மாட்டார்கள்.

இந்தியா இந்தப் பாடத்தை முதலில் கற்றது பாலைவனத்தில் அல்ல, அசாமில். 1953இல் கண்டுபிடிக்கப்பட்ட நாகர்கட்டியா வயலின் எண்ணெயை, 1962இல் குவாஹாட்டி வரையும் 1964இல் பீகாரின் பரோனி வரையும் கொண்டுசெல்ல 1,157 கிலோமீட்டர் குழாய் போடப்பட்டது. ஆயில் இந்தியா நிறுவனத்தின் குழாய் அது. அந்த எண்ணெயின் ஊற்றுநிலை 30 டிகிரிக்கு அருகில். குளிர்காலத்தில் அந்தச் சமவெளியின் மண் அதைவிட மிகவும் குளிர்ந்துபோகும். அந்த நீளத்துக்கும் சூடேற்றுவது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. அவர்கள் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

எண்ணெயைக் குழாயில் விடும் முன்பே ஏறத்தாழ 95 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். உள்ளிருந்த மெழுகுப் படிகங்கள், அவற்றின் விதைகள்கூட, முழுவதும் கரைந்துபோயின. பிறகு அதை ஓரளவு ஆற்றி, அதன்பின் கலக்காமல், அசைக்காமல், கணக்கான வேகத்தில் மெல்ல மெல்ல 18 டிகிரி வரை குளிர வைத்தார்கள். அதாவது எண்ணெயை முன்கூட்டியே, தங்கள் கட்டுப்பாட்டில், உறைய வைத்துவிட்டார்கள். நெய் காய்ச்சுகிறவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் புரியும். உருக்கிய நெய்யை ஓர் ஓரத்தில் வைத்துத் தானாக ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். சட்டென்று குளிரூட்டினால் ஒரே பசையாக இறுகும். மணல் பதத்தில் மணிகளுக்கு இடையே நெய் நீர்மமாகவே நிற்கும். அதேபோல் மெல்ல ஆறிய கச்சா எண்ணெயில் மெழுகு பெரிய, தனித்தனியான படிகங்களாகத் திரளும். எண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் பிசின் போன்ற பொருள்கள் அந்தப் படிகங்களின் மேல் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும். மெழுகின் அளவு துளியும் குறையவில்லை. அதன் உருவம்தான் மாறியது. எண்ணெய் குளிர்ந்த நிலையிலேயே பாய்ந்தது.

பிறகு இதே வேலையைச் செய்ய வேதிப்பொருள்கள் வந்தன. எத்திலீன் வினைல் அசிட்டேட் போன்ற பாலிமர்கள் மெழுகோடு சேர்ந்து படிகமாகி, படிகத்தின் வளர்ச்சியைக் குலைக்கின்றன. பத்து லட்சத்தில் சில நூறு பங்கு சேர்த்தாலே ஊற்றுநிலை பல டிகிரி இறங்கும். ஆனால் ஒரு வயலின் எண்ணெய்க்கு ஏற்ற பாலிமர் அடுத்த வயலுக்குப் பயன்படாமல் போகலாம். மெழுகின் சங்கிலி நீளமும் பாலிமரின் சங்கிலி நீளமும் பொருந்த வேண்டும். இன்னொன்று, இவை பெரும்பாலும் கூழாவதைத் தடுக்குமே தவிர, சுவரில் படிவதை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், மருந்து ஊற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுவது ஆபத்து.

மங்களாவுக்கு இந்த வழிகள் போதவில்லை. ஐந்தில் ஒரு பங்கு மெழுகை உருவம் மாற்றிச் சமாளிப்பது கடினம். ஆகவே மெழுகைப் படிகமாகவே விடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 24 அங்குல எஃகுக் குழாயின் மேல் பாலியூரித்தேன் நுரை, அதற்கு மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறை. குழாயை ஒட்டினாற்போல் சிறு எஃகுக் குழல்கள், அவற்றுக்குள் மின்கம்பி. கம்பி வழியே செல்லும் மாறுமின்னோட்டம் குழலின் எஃகு வழியாகத் திரும்பி வருகிறது. அப்படித் திரும்பும்போது மின்னோட்டம் எஃகின் உட்பரப்பில் ஒரு மெல்லிய தோல் அளவுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். குறுகிய பாதையில் நெருக்கியடித்து ஓடுவதால் சூடு பிறக்கும். குழலின் வெளிப்பரப்பில் மின்சாரம் ஏறக்குறைய இருப்பதே இல்லை. வெப்பம் வெளியே வரும், மின்சாரம் வராது. இருபது கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வழியெங்கும் சூடேற்றும் நிலையங்கள். அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை எரிவாயுவில் ஓடும் எஞ்சின்கள் தருகின்றன. அந்த எரிவாயுவைக் கொண்டுவர எண்ணெய்க் குழாயின் பக்கத்திலேயே 8 அங்குலத்தில் தனிக் குழாய். 2009 ஆகஸ்ட் 29 அன்று வயலில் உற்பத்தி தொடங்கியபோது குழாய் முடிந்திருக்கவில்லை; முதலில் எண்ணெய் சூடு காக்கும் லாரிகளில் போனது. 2010இல் குழாய் ஓடத் தொடங்கியது.

சூட்டைக் காக்கும் அக்கறை குழாயோடு நிற்கவில்லை. வயலின் அழுத்தம் குறையாமல் இருக்க நிலத்துக்கு அடியில் தண்ணீரைச் செலுத்துவார்கள் அல்லவா, அந்தத் தண்ணீரையும் அங்கே சூடாக்கியே செலுத்தினார்கள். குளிர்ந்த நீர் போனால் பாறைத் துளைகளுக்குள்ளேயே மெழுகு உறைந்து, எண்ணெய் வரும் வழியை அங்கேயே அடைத்துவிடும். பாறை அடைபட்டால் அதைச் சுரண்டி எடுக்க எந்தக் கருவியும் இல்லை.

குழாயைச் சுரண்ட கருவி இருக்கிறது. அதற்கு உலகெங்கும் பன்றியின் ஆங்கிலப் பெயர்தான்: பிக். குழாயின் உள்விட்டத்துக்கு இணையான ஓர் உருளை. ரப்பர் தட்டுகளும் சுரண்டும் விளிம்புகளும் கொண்டது. பின்னாலிருந்து எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு போகும். ஒரு முனையில் விட்டு மறுமுனையில் பிடிப்பார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. கணக்குப் போட்டால் வேறு மாதிரி. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 50 கிலோமீட்டருக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் மெழுகு படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மொத்த அளவு 47 கன மீட்டர். நம் ஊர்களில் ஓடும் பெரிய தண்ணீர் லாரிகள் நான்கை நிரப்பலாம். பிக் அதையெல்லாம் வழித்துத் தனக்கு முன்னால் சேர்த்துக்கொண்டே போனால், 660 மீட்டருக்கு மேல் நீளமான மெழுகுத் தக்கை உருவாகிவிடும். அது எங்கேயாவது சிக்கினால் குழாயும் போயிற்று, பிக்கும் போயிற்று. ஆகவே அனுபவமுள்ளவர்கள் நீண்ட நாள் சுரண்டப்படாத குழாயில் முதலில் மென்மையான நுரைப் பிக்கை விடுவார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமானதை. பிக்கின் நடுவே துளையிட்டு, அதன் வழியே எண்ணெய் பீய்ச்சி, வழித்த மெழுகை முன்னால் சிதறடிக்கும் வகையும் உண்டு. முக்கியமானது ஒழுங்கு. மெழுகு இளமையாக இருக்கும்போதே, வாரம் தவறாமல், அல்லது அந்த எண்ணெய்க்கு ஏற்ற இடைவெளி தவறாமல் விட வேண்டும்.

பிரேசிலின் பெட்ரோபிராஸ் நிறுவனம் ஆழ்கடலில் இன்னொரு வழியைக் கண்டது. சோடியம் நைட்ரைட்டையும் அம்மோனியம் உப்பையும் கரைசல்களாகக் குழாய்க்குள் செலுத்தினால் அவை வினைபுரிந்து நைட்ரஜன் வாயுவையும் மிகுந்த வெப்பத்தையும் வெளியிடும். அடைப்பு இருக்கும் இடத்திலேயே அடுப்பு மூட்டியதைப் போல. இங்கே நம் நாட்டில் மெழுகைத் தின்னும் நுண்ணுயிர்களை எண்ணெய்க் கிணறுகளில் விட்டுப் பயன்படுத்துவதும் நடக்கிறது. ஓஎன்ஜிசியும் டெரி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து அதற்காகவே ஒரு நிறுவனத்தை நடத்துகின்றன.

எல்லா வழிகளும் தோற்ற இடமும் உண்டு. வட கடலின் பிரிட்டன் பகுதியில் ஸ்டாஃபா என்று ஒரு சிறிய எண்ணெய் வயல். லாஸ்மோ நிறுவனம் நடத்தியது. கடலடிக் குழாய் மெழுகால் அடைபட்டது. சரிசெய்தும் மறுபடி அடைபட்டது. 1990களின் நடுப்பகுதியில் வயலையே கைவிட்டார்கள். 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பு அது என்று மெழுகுப் படிவு பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் இன்றும் அதைச் சுட்டிக்காட்டுகின்றன. அடியில் எண்ணெய் இருந்தது. கொண்டுவர வழியில்லாமல் போனது.

எரிவாயுக் குழாய்களில் மெழுகைவிடப் பெரிய எதிரி ஹைட்ரேட். பார்ப்பதற்குப் பனிக்கட்டி போல இருக்கும், பனிக்கட்டி அல்ல. உயர் அழுத்தத்தில் நீர் மூலக்கூறுகள் கூண்டுகளாக அடுக்கிக்கொண்டு ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் மீத்தேன் போன்ற வாயுவை அடைத்துக்கொள்ளும். நீர் உறைய பூஜ்யம் டிகிரி வேண்டும். ஹைட்ரேட்டுக்கு அது வேண்டியதில்லை. 100 பார் அழுத்தத்தில் மீத்தேன் 13 டிகிரியிலேயே நீரோடு சேர்ந்து கட்டியாகிவிடும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டுக்குள் 160 கன மீட்டர் அளவுக்கு வாயு அடங்கியிருக்கும். ஆய்வகங்களில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்திருந்த இந்தப் பொருள்தான் எரிவாயுக் குழாய்களை அடைக்கிறது, அது வெறும் பனிக்கட்டி அல்ல என்று 1934இல் ஹாமர்ஷ்மிட் என்ற அமெரிக்க வேதியியலாளர் காட்டினார்.

இதன் வலிமையை உலகம் முழுவதும் பார்த்தது 2010 மே மாதத்தில். மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணறு ஏப்ரல் 20 அன்று வெடித்து, 1,500 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் பீறிட்டுக்கொண்டிருந்தது. நூறு டன் எடையுள்ள எஃகுக் கூண்டு ஒன்றை அதன் மேல் கவிழ்த்து எண்ணெயை உறிஞ்சிவிடலாம் என்று முயன்றார்கள். ஆழ்கடலின் குளிரும் அழுத்தமும், கிணற்றிலிருந்து வந்த வாயுவும், கடல்நீரும் ஒரே இடத்தில் கூடின. கூண்டின் உச்சியில் ஹைட்ரேட் அடைத்துக்கொண்டது. ஹைட்ரேட் கடல்நீரைவிட இலேசானது என்பதால் கூண்டையே தூக்கத் தொடங்கியது. கூண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஹைட்ரேட்டைத் தவிர்க்க வாயுவிலிருந்து நீரை முன்பே பிரிக்கலாம். அல்லது மெத்தனாலையோ கிளைக்காலையோ ஊற்றலாம். உப்புப் போட்டால் பனிக்கட்டி இளகுவதைப் போல இவை ஹைட்ரேட் உருவாகும் வெப்பநிலையைக் கீழே தள்ளும். நம் கிழக்குக் கரையில் கிருஷ்ணா–கோதாவரி ஆழ்கடல் எரிவாயு வயல்களில் கிளைக்காலைக் கடலடிக்கு அனுப்பி, வாயுவோடு திரும்பி வந்ததும் நீரைப் பிரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். அடைப்பு ஏற்கெனவே விழுந்துவிட்டால் இருபுறமும் சமமாக, பொறுமையாக அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கினால், இளகிய தக்கை மறுபக்க அழுத்தத்தால் துப்பாக்கிக் குண்டு போலக் குழாய்க்குள் பாயும். அப்படிப் பாய்ந்து குழாயைப் பிளந்த விபத்துகளில் உயிர்கள் போயிருக்கின்றன. அவசரப்பட்ட ஒரு வால்வுத் திருப்பலால் நேர்ந்த சாவு என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தாலும் காத்திருப்பதே சரி.

மற்றத் திண்மங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிணற்றோடு வரும் மணல், வேகமாக ஓடினால் வளைவுகளை அரித்துத் துளையிடும், மெதுவாக ஓடினால் அடியில் தங்கும். அஸ்ஃபால்டீன் என்ற கரிய, கனமான பொருள் சூடு குறைவதால் அன்றி அழுத்தம் குறைவதால் பிரிந்து வரும், சூடாக்கினாலும் கரையாது. எரிவாயுக் குழாய்களில் இரும்பு அரித்து உண்டாகும் கறுப்புத் தூள் வடிகட்டிகளை அடைக்கும். வயலுக்குள் கடல்நீரைச் செலுத்தும் இடங்களில் அதிலுள்ள சல்ஃபேட்டும், பாறை நீரிலுள்ள பேரியமும் சந்தித்துப் பேரியம் சல்ஃபேட் உப்பாகக் குழாயில் படியும். வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் மருத்துவமனையில் குடிக்கக் கொடுக்கும் அதே வெள்ளைப் பொருள்தான். எதிலும் கரையாது என்பதால்தான் அதைக் குடிக்கலாம். எதிலும் கரையாது என்பதால்தான் குழாயிலிருந்து அதை அகற்ற முடிவதில்லை. போதாததற்குப் பாறையிலுள்ள ரேடியமும் அதில் சேர்ந்துகொள்ளும்; சுரண்டி எடுத்த படிவைக் கதிரியக்கக் கழிவாகக் கையாள வேண்டிவரும்.

மெழுகுக்கே திரும்புகிறேன். ஒரு குழாய்க்கு முதுமை எப்படி வருகிறது என்பதை அறிய அலாஸ்காவைப் பார்க்க வேண்டும்.

வடக்கே ப்ரூடோ விரிகுடாவிலிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை 48 அங்குல விட்டத்தில் 1,288 கிலோமீட்டர். 1977இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. கட்டும்போது இருந்த பெரிய கவலை எண்ணெயின் சூடு. கிணற்றிலிருந்து சூடாக வரும் எண்ணெய் நிலத்தின் நிரந்தர உறைபனியை உருக்கிக் குழாயைத் தாழ வைத்துவிடும் என்று அஞ்சி, பாதிக்கும் மேற்பட்ட நீளத்தைத் தூண்களின் மேல் தூக்கிக் கட்டினார்கள். 1988இல் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய்க்கும் மேல் ஓடியது. அந்த வேகத்தில் எண்ணெய் நான்கரை நாட்களில் வால்டீஸை எட்டிவிடும். சூடு பெரிதாகக் குறையாது.

வயல்கள் வற்ற வற்ற ஓட்டம் 5 லட்சம் பீப்பாய்க்குக் கீழே வந்தது. குழாயோ அதே 48 அங்குலம். இப்போது ஒரு சொட்டு எண்ணெய் முனையிலிருந்து முனைக்குப் போக ஏறத்தாழ 18, 19 நாட்கள். அத்தனை நாளும் அது ஆறிக்கொண்டே போகிறது. மெழுகு படிகிறது. முன்பு வேகத்தில் எண்ணெயோடு கலந்து அடித்துச் செல்லப்பட்ட சிறிதளவு நீர் இப்போது பிரிந்து அடியில் தங்குகிறது. குளிர்காலத்தில் அது உறையலாம். ஒரு காலத்தில் எண்ணெயின் சூட்டுக்கு அஞ்சிய குழாயில் இன்று எண்ணெய்க்குச் சூடு சேர்க்க வேண்டியிருக்கிறது. பம்பு நிலையங்களில் எண்ணெயைச் சுழல விட்டு, அந்த உராய்வுச் சூட்டால் வெப்பத்தைக் கூட்டுகிறார்கள். பிக்குகளும் முன்பைவிட அடிக்கடி போகின்றன.

2011 ஜனவரி 8 அன்று குழாயின் வடக்கு முனையில் உள்ள முதல் பம்பு நிலையத்தில் ஒரு கசிவு தெரியவந்தது. குழாயை நிறுத்தினார்கள். நடுக் குளிர்காலம், நின்ற எண்ணெய் நாளுக்கு நாள் ஆறியது, வழியில் பிக்குகள் வேறு நின்றுகொண்டிருந்தன, முன்னால் சேர்த்த மெழுகோடு. மறுபடி தொடங்கும்போது அந்த மெழுகும் பனிக்கட்டியும் சேர்ந்து பம்புகளுக்குள் புகுந்தால் என்ன ஆவது? முடிவில், கசிவு முழுதாகச் சரியாகாத நிலையிலேயே, சிந்துவதைப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு, 11ஆம் தேதி குழாயைத் தற்காலிகமாக ஓட்டினார்கள். பிறகு மறுபடி நிறுத்தி, பழுதான பகுதியைச் சுற்றி மாற்றுக் குழாய் இணைத்து, 17ஆம் தேதி முழுவதும் இயக்கினார்கள். கசிவைவிட நிற்பது பெரிய ஆபத்து என்று தீர்மானிக்க வேண்டிய நிலை. 1988இன் ஓட்டத்தில் சில நாள் நிறுத்தம் இந்த அளவுக்கு நெருக்கியிருக்காது.

இந்தியாவில் அடுத்த மெழுகு வயல் கடலுக்கு அடியில் வந்திருக்கிறது. காக்கிநாடாவுக்கு அப்பால் ஆழ்கடலில் ஓஎன்ஜிசியின் 98/2 வயல் 2024 ஜனவரி 7 அன்று முதல் எண்ணெயைத் தந்தது. மெழுகு நிறைந்த அந்த எண்ணெய்க்காகக் குழாய்க்குள் குழாய் என்ற முறையை இந்தியாவில் முதன்முறையாகப் பயன்படுத்தியதாக நிறுவனம் அறிவித்தது. உட்குழாயில் எண்ணெய், வெளிக்குழாய் கடலைத் தடுக்கும், இரண்டுக்கும் நடுவே வெப்பக்காப்பு. நாம் காப்பியைப் பயணத்துக்கு எடுத்துப்போகும் பிளாஸ்க்கை ஒத்தது. கடலடியில் பிறகு போய்ப் போர்த்திவிட முடியாது. முதல் நாளே போர்த்தி இறக்கியாக வேண்டும்.

பார்மரிலும் காலம் நகர்கிறது. உச்ச ஆண்டுகளில் அந்த ராஜஸ்தான் வயல்கள் நாளொன்றுக்கு 2 லட்சம் பீப்பாய்க்கு அருகில் தந்தன. இப்போது அதில் பாதியை ஒட்டியும் அதற்குக் கீழும் வந்துவிட்டது. 24 அங்குலக் குழாயில் நாளுக்கு 2 லட்சம் பீப்பாய் ஓடினால் அதன் நீளத்தில் 600 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். 1 லட்சம் என்றால் பத்து நாள். ஒவ்வொரு பீப்பாயும் மண்ணுக்கு அடியில் கழிக்கும் நேரம் இரட்டிப்பாகிறது, அந்த நேரம் முழுவதும் அதை 65 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். வயல் தரும் எண்ணெய் பாதியாகும்போது, ஒரு பீப்பாயைக் கடல்வரை உறையாமல் கொண்டுசேர்க்கச் செலவாகும் வெப்பம் ஏறத்தாழ இரு மடங்காகிறது.